வளைவில் நிற்காத படம்

பிரேக் லைனர் கருகும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் ரப்பர், கொஞ்சம் எரிந்த தலைமுடி... எல்லாம் கலந்து மூக்கின் உச்சியில் போய்க் குத்துகிற நெடி.

போன மாதம் உக்கடத்தில் நாங்கள் ஏறிய டவுன் பஸ் சடாரென்று பிரேக் அடித்தது. குறுக்கே ஒரு ஆடு. அவ்வளவுதான். ஆடு போய்விட்டது, பஸ்ஸும் கிளம்பிவிட்டது. நெடி மட்டும் ஜன்னல் வழியே ஏறி உள்ளே வந்து, டிக்கெட் வாங்காத பயணி மாதிரி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

என் மனைவி சரோஜா என் மணிக்கட்டைப் பிடித்தாள். காந்திபுரம் வரை விடவில்லை. இறங்கிப் பார்த்தால், அவளுடைய நகங்கள் பதிந்த இடத்தில் சிறு சிறு பிறை நிலாக்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு சரோஜா புதியவள் அல்ல. நான் ஒரு வரியை ரசித்து எழுதி முடித்தவுடன், "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்பாளே, அவளேதான். ஆனால் அவளுடைய வேலையைப் பற்றி நான் அதிகம் சொன்னதில்லை. அவள் பிசியோதெரபிஸ்ட். வியாழக்கிழமைதோறும் ஒரு அறக்கட்டளையின் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வால்பாறைக்குப் போவாள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கழுத்து வலி, தோள் வலி. மூட்டையைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு, நாளெல்லாம் சரிவில் நிற்கிற கழுத்துகள். அந்தக் கழுத்துகளுக்குச் சிகிச்சை தர, கழுத்தை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் மிஷினைக் காரில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எஸ்டேட்டாகப் போவாள்.

போவாள் என்பது தை மாதம் வரைக்கும்.

அன்றைக்கு பேச்சியம்மா என்ற தொழிலாளியைப் பொள்ளாச்சியில் எக்ஸ்ரே எடுக்க அழைத்துக்கொண்டு மலையிறங்கினாள். இறக்கத்தில் பிரேக் சூடாகிவிட்டது. முதலில் வந்தது நெடி. அப்புறம் கொண்டை ஊசி வளைவு. மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. கார் ஓரத்துச் சுவரை இடித்துக்கொண்டு போய் நின்றது... முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பின் சீட்டிலிருந்து பேச்சியம்மா கத்தவில்லை. ரொம்ப மெதுவாகக் கேட்டாளாம்: "அம்மா, நான் எறங்கிக்கட்டுங்களா?"

"கத்தியிருந்தா மறந்திருப்பேனுங்க. கேட்டுப்போட்டா" என்றாள் சரோஜா, வீட்டுக்கு வந்து.

அதன் பிறகு அவள் ஸ்டீரிங்கைத் தொடவில்லை என்று சொல்ல முடியாது. தொட்டாள். நேர் ரோட்டில் ஓட்டினாள். ஆனால் திருப்பம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். கார் ஓட்டுகிறவர் கண்ணை மூடுவது என்பது எழுதுகிறவன் கண்ணை மூடுவது போலவா? எனக்கு அதில் பிழைப்பு உண்டு. அவளுக்கு அதில் பள்ளம்.

அறக்கட்டளைச் செயலாளர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களின் கெடு இன்னும் பயங்கரமானது. "மெதுவா வாங்க. ஆனா இந்த மாசக் கடைசி வியாழனுக்குள்ள ஒரு முடிவு சொல்லிருங்க. இல்லாட்டி பொள்ளாச்சியில வேற ஒருத்தரைப் பார்த்து வெச்சிருக்கோம்" என்றார். டிரைவர் வைக்க அவர்களிடம் வசதி இல்லை. உள் எஸ்டேட்டுகளுக்கு மிஷினோடு பஸ்ஸில் போகவும் முடியாது. ஓட்டினால் வேலை. ஓட்டாவிட்டால் இல்லை.

இந்த நிலையில்தான் அந்த ஆடு குறுக்கே வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு மின்னஞ்சல் அனுப்ப காந்திபுரத்தில் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஏறினோம். நான் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து கம்ப்யூட்டரில் யாரோ பாதியில் விட்டுப்போன கார் பந்தய விளையாட்டு. மலை ரோடு. சரோஜா சும்மா உட்கார்ந்தவள், அம்புக்குறி பட்டன்களில் விரலை வைத்தாள்.

ஒரு வளைவு வந்தது. அவள் கண் திறந்திருந்தது!

நான் குத்துவதை நிறுத்திவிட்டேன். இன்னொரு வளைவு. கண் திறந்தேதான் இருந்தது. அடுத்த வளைவின் நடுவில் படம் நின்றது. ஒரு விக்கல் மாதிரி, ஒரு கணம். மறுபடி படம் ஓடியபோது கார் பள்ளத்தில் கிடந்தது. சரோஜா எழுந்துவிட்டாள். 

படியிறங்கும்போது பாதிப் படியில் நின்றாள். "ஏனுங்க... படம் நிக்காத மிசினு கெடைக்குமுங்களா?"

"விளையாட்டுக்கா?"

"வெளையாட்டுக்குத்தானுங்க. அதுல உழுந்தா ஆரும் சாகறதில்லை. உழுந்து உழுந்து பழகிக்கிறேன்."

இப்படித்தான், தமிழில் உரைநடைக் கவிதை எழுதி, மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பக்கூட யோசிக்கிற நான், கேம் விளையாடுவதற்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய இறங்கினேன். பட்ஜெட்? அவள் எடுத்த சீட்டுப் பணம். அதற்கு மேல் காலணா கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

என்னை நம்பினால் ஆகாது என்று தன் தம்பி ரங்கராஜை வரச் சொன்னாள். கணபதியில் பம்ப் செட் ஃபவுண்டரி வைத்திருக்கிறான். எங்கள் வீடுகளில் தெலுங்கு தேய்ந்து தேய்ந்து உறவுமுறையில் மட்டும் மிச்சமிருக்கிறது, அதனால் அக்கா புருஷனான நான் அவனுக்குப் பாவா.

"பாவா, இன்னும் கொஞ்ச மாசத்துல ரெண்டாயிரமாவது வருசம் பொறக்குது. கம்ப்யூட்டரெல்லாம் நின்னு போயிருமாம். இப்பப் போயி வாங்கறீங்க?"

"உன்ற அக்காவுக்கு இந்த மாசம் ஓடினாப் போதுமாம்."

அவன் அக்காவைப் பார்த்தான். அப்புறம் கேலி பேசவில்லை. சாவியை எடுத்தான்.

கிராஸ்கட் ரோட்டில் மாடியில் ஒரு சின்னக் கடை. ஷாஜகான் என்று பெயர், கோட்டைமேட்டுக்காரர், கையில் எப்போதும் ஸ்குரூ டிரைவர். சரோஜா விஷயத்தைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை... வளைவு, கண் மூடுவது, படம் நிற்பது. அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

"அப்ப மேடம், உங்களுக்குப் பெரிய பிராசஸர் வேண்டியதில்லீங்க. நடுத்தரமா ஒண்ணு போதும். காசைக் கொண்டுபோயி கிராபிக்ஸ் கார்டுல போடுங்க. படம் வரையற வேலையை அது எடுத்துக்கும். ராம் கொஞ்சம் சேர்த்துப் போடலாம். அது பத்தலைன்னாத்தான் நடுவுல விக்கும்."

எனக்குப் புரிந்துவிட்டது போல இருந்தது. பிராசஸர் மூளை, கிராபிக்ஸ் கார்டு கை, ராம் என்பது கை நீட்டினால் எட்டுகிற அலமாரி. சரிதானே? பெருமையாக நான் ஒரு யோசனை சொன்னேன்: "ஸ்பீக்கர் நல்லதாப் போடுங்க. மலையில காத்துச் சத்தம் வேணும்."

"காத்தை எங்க ஊட்டு ஃபேனே குடுக்கும்" என்றாள் சரோஜா. ஸ்பீக்கர் பட்டியலிலிருந்து போனது. கவிஞனின் பங்கு அத்துடன் முடிந்தது.

ரங்கனோ யாரையும் கேட்கவில்லை. அவன் பாட்டுக்கு ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். கோயமுத்தூரில் நாங்கள் எதையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். கிரைண்டரா, தூக்கு. மோட்டாரா, தூக்கு. காஸ்டிங் என்கிற வார்ப்பு கனமாக இருந்தால் சரக்கு நல்லது. லேசாக இருந்தால் உள்ளே செம்பைத் திருடியிருக்கிறான். காலங்காலமாக இரும்பை உருக்கி ஊற்றிய ஊர் இது, எங்கள் உள்ளங்கையிலேயே ஒரு தராசு இருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால் காபி டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடும்பத்தை எடைபோடுவார்கள்.

ரங்கன் பதினேழு இன்ச் மானிட்டரைத் தூக்கி, பக்கத்திலிருந்த பதினாலு இன்ச்சைக் கண்ணால் காட்டினான். "இதுதான் பாவா மானிட்டரு. அது என்ன, தேங்கா மூடியாட்டம்?" கேபினட் என்கிற பெட்டியையும் கனமானதாகத் தேர்ந்தெடுத்தான். கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். என்கிற பவர் சப்ளை டப்பா. கேபினட்டுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுப்பது. இரண்டு டப்பாக்களை இரண்டு கையில் ஏந்தி, கண்ணை மூடி, சந்தையில் கன்றுக்குட்டி பார்ப்பவன் போல நின்றான்.

"இது."

"அந்தக் கம்பெனி புதுசுங்க" என்றார் ஷாஜகான் தயங்கி. "நான் போட்டுப் பார்த்ததில்லை. இந்த இன்னொண்ணு கொஞ்சம் வெல ஜாஸ்தி, ஆனா..."

"வெலையும் கம்மி, வெயிட்டும் ஜாஸ்தி. என்ற கையி பொய் சொல்லாதுங்க, பாய்."

மிச்சமான காசில்தான் பதினேழு இன்ச் சாத்தியமானது. சரோஜா இரண்டு டப்பாக்களையும் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். சீட்டுப் பணத்தை எண்ண ஆரம்பித்தாள்.

கடையில் விற்கிற பிளாஸ்டிக் ஸ்டீரிங் எங்கள் பட்ஜெட்டுக்கு அப்பால் இருந்தது. "அது நம்ம பட்டறையில ஆகாதா?" என்றான் ரங்கன். பழைய காரின் ஸ்டீரிங் வளையம், பிரித்துப்போட்ட ஜாய்ஸ்டிக்கின் உள்குடல், அதற்கு அடியில் பம்ப்புக்கு வார்க்கிற இரும்பில் ஒரு பீடம். டெம்போவில் வந்து இறங்கியது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்கி மேஜையில் வைத்தபோது மேஜை முனகியது.

"என்றா இது, ஸ்டீரிங்கா ஒரலா?" என்றாள் அக்கா.

"அசையாதுக்கா!"

உண்மைதான். அசையவில்லை.

மிஷினை ஷாஜகானே வந்து இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சரோஜா உட்கார்ந்தாள். பெரிய திரை முழுக்க மலை. ஏற்றத்தை அவள் தொடவில்லை. நேராக இறக்கத்துக்குப் போனாள். ரங்கனும் நானும் அவளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நின்றோம். முதல் வளைவு. படம் எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஒரு விக்கல் இல்லை! ரங்கன் என் தோளைக் குத்தினான்.

அடுத்த வளைவில், பள்ளம் முழுவதும் விரிந்து தெரிகிற இடத்தில், திரை கறுப்பாகிவிட்டது.

நிற்கவில்லை, விக்கவில்லை. செத்துப்போனது. பிறகு 'பீப்' என்று ஒரு சத்தம், வெள்ளை எழுத்துகள். மிஷின் தானாகவே முதலிலிருந்து ஆரம்பித்தது. சரோஜாவின் கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது.

"கரண்டு போயிருக்கும்க்கா" என்றான் ரங்கன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுபடி ஓட்டினாள். மறுபடி அதேபோல ஒரு வளைவில் கறுப்பு. சமதளத்தில் ஒன்றும் ஆகவில்லை. காடும் பள்ளமும் வானமும் ஒன்றாகத் திரையில் வந்து, படம் வரைகிற கார்டு மூச்சுமுட்ட உழைக்கிற இடத்தில் மட்டும்தான் சாவு. அதாவது, எங்கே ஓடவேண்டுமோ அங்கே.

சரோஜா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசி வியாழனுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

"கடைக்காரனை ரெண்டு கேட்டுப்போட்டு வாரேன்" என்று கிளம்பினான் ரங்கன்.

"அவரு வேண்டாம்னுதானடா சொன்னாரு?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "பெட்டியைப் பிரி. உன்ற கையி என்னத்தத் தூக்குச்சுன்னு பார்த்துரலாம்."

பிரித்தான். பவர் சப்ளை டப்பாவை வெளியே எடுத்து, பட்டறைக்காரன் அல்லவா, அதன் மூடியையும் கழற்றினான். உள்ளே சின்னச் சின்னதாக, ஏழ்மையான சில பாகங்கள். பெயருக்குக் கொஞ்சம் காப்பர் சுற்று. அடியில், இரண்டு ஸ்குரூ போட்டு முடுக்கி, எந்த ஒயரோடும் சம்பந்தமில்லாமல் ஒரு இரும்புத் தகடு.

ரங்கன் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவன் முகத்தில் இருந்தது வேறு. எங்கோ முகம் தெரியாத ஒருவன், நம் வீட்டுக்குள் வந்து நம் பழக்கத்தை வேவு பார்த்துவிட்டுப் போனது போல ஒரு கூச்சம்.

"தூக்கிப் பார்த்து வாங்கறவன் இருக்கான்னு தெரிஞ்சே செஞ்சிருக்கான் பாவா."

"நல்ல இரும்பா?" என்று கேட்டேன், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"அதுங்கூட மட்டம்" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. விபத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த எல்லோரும் சரோஜாவிடம் அப்படித்தானே பேசினார்கள்? கனமான வார்த்தைகள். "மனசைத் திடமா வெச்சுக்க அம்மணி." "மலையையே சாய்க்கிற பொம்பளை நீ." தூக்கிப் பார்த்தால் எவ்வளவு கனம்! உள்ளே எந்த ஒயரோடும் சேராத தகடு. அவளுக்கு வேண்டியிருந்தது ஆறுதலின் எடை அல்ல. வளைவு வரும்போது அறுந்து போகாமல் வந்துகொண்டே இருக்கிற கொஞ்சம் கரண்ட்.

வேறு எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் காசில்லை. ரங்கன் பையில் கையை விட்டான். சரோஜா அந்தக் கையைப் பார்த்த பார்வையில் கை வெறுமனே வெளியே வந்துவிட்டது.

"மானிட்டரைக் கொண்டுபோயி மாத்திப்போடலாம்" என்றாள். "பதினாலு இன்ச்சு போதும், மிஞ்சற காசுல கடைக்காரரு சொன்ன டப்பாவை வாங்கிக்கலாம். படம் சின்னதா இருக்கட்டும். நிக்காம இருக்கோணும்."

ஷாஜகான் 'நான் அப்பவே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ரங்கனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரும்புத் தகட்டை மேஜையில் வைத்ததும், அவர் அதை எடுத்து... தூக்கிப் பார்த்தார்! அவரும் இந்த ஊர்க்காரர்தானே. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். நான் மட்டும் சரோஜாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கடை மேஜைக் கண்ணாடியின் விளிம்பில், ஸ்டீரிங்கைப் பிடித்தது போல, தன்னையறியாமல் மெல்ல இடம் வலமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்த மாலைகளில் எங்கள் வீட்டு ஹால் ஒரு மலைச்சரிவாக இருந்தது. தேங்காய் மூடி அளவுத் திரை. உரல் மாதிரி ஸ்டீரிங். அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள். விழுந்தாள். விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து, "சாகலீங்க" என்பாள். மறுபடி இறங்குவாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கறுப்பாகவில்லை. ஒரு நாள் நான் பக்கவாட்டில் நாற்காலி போட்டு, திரையைப் பார்க்காமல் அவள் கண்களை மட்டும் பார்த்தேன். வளைவு வருவதை நான் அந்தக் கண்களில்தான் தெரிந்துகொண்டேன். அவை அகலமாகும். ஈரமாகும். மூடாது.

புதன்கிழமை காலை ரங்கனின் காரை எடுத்துக்கொண்டு மருதமலைக்குக் கிளம்பினாள். நான் பக்கத்து சீட்டில். சின்ன மலைதான், சின்ன வளைவுகள்தான். ஆனால் இங்கே விழுந்தால் பீப் சத்தம் வராது. இறக்கத்தில், எதிரே ஒரு கோயில் பஸ் திரும்பியபோது, கால் என் பேச்சைக் கேட்கவில்லை. என் முன்னால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சத்தம் கேட்டது. சரோஜா திரும்பவில்லை. ரோட்டையே பார்த்தபடி பஸ்ஸுக்கு வழிவிட்டு, கியரைக் குறைத்து, மெல்ல அந்த வளைவைக் கடந்தாள்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். "உங்களுக்கு அவ்வளவு பயமுங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

வியாழன் விடிந்து கொஞ்ச நேரம். அறக்கட்டளையின் கார் எங்கள் வாசலில் நின்றது. புது லைனர் போட்டிருந்தார்கள். முன்னாலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு நான் தயாராக நின்றேன். கூடப் போவது என்று முடிவு செய்திருந்தேன். கேட்கக்கூடாது, கதவைத் திறந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

திறந்தால், முன் சீட்டில் டிராக்‌ஷன் மிஷின். பெல்ட் போட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எடமில்லீங்களே" என்றாள் சரோஜா, ஸ்டீரிங்கின் பின்னாலிருந்து.

"பின் சீட்டு காலியாத்தானே இருக்குது?"

என்ஜினைக் கிளப்பினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். அதில் பின் சீட்டு முழுசாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அது மலை எறங்கறப்ப வேணுமுங்க. பேச்சியம்மாளுக்கு இன்னும் எக்ஸ்ரே எடுக்கலை... வாரேனுங்க."